நடுக்கத்தைப் படித்தவர்

ஒரு கருவிக்கு இந்தியாவில் நேரக்கூடிய மிகக் கொடுமையான 16 நிமிடங்கள் எங்கே தொடங்குகின்றன என்று கேட்டால், திருப்பதி மாவட்டத்தில் என்று தயங்காமல் சொல்லலாம். ராக்கெட் தளம் இருக்கும் ஸ்ரீஹரிகோட்டா இப்போது அந்த மாவட்டத்துக்குள்தான் இருக்கிறது. 2022 ஏப்ரலில் ஆந்திர அரசு மாவட்டங்களைக் கலைத்து அடுக்கியபோது, அதுவரை நெல்லூர் மாவட்டத்தில் இருந்த சூலூர்பேட்டையும் அதை ஒட்டிய தீவும் திருப்பதியோடு சேர்ந்தன.    

ஸ்ரீஹரிகோட்டா, பழவேற்காடு ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் நடுவே கிடக்கும் நீளமான மணல் தீவு. 1969-ல் அதைத் தேர்ந்தெடுத்தார்கள். கிழக்கே திறந்த கடல். தவறினாலும் ஊர்மேல் விழாது. அங்கே வாழ்ந்த யானாதி மக்கள் இடம் மாற வேண்டியிருந்தது என்பதை விண்வெளிப் பெருமைகளைப் பேசும் நூல்கள் ஒரு வரியில் தாண்டிப் போகின்றன. நானும் இங்கே ஒரு வரியில்தான் தாண்டுகிறேன். ஆனால் அது தனி நூலுக்குரிய விஷயம்.

2023 ஜூலை 14, வெள்ளிக்கிழமை, பிற்பகல் 2.35. 43.5 மீட்டர் உயரமும் 640 டன் எடையும் கொண்ட எல்விஎம்3 ராக்கெட், 3,900 கிலோ எடையுள்ள சந்திரயான்-3 நிலவுக் கலத்தைச் சுமந்துகொண்டு கிளம்பியது. அதன் இரு விலாவிலும் எஸ்200 என்ற பூஸ்டர்கள். ஒவ்வொன்றுக்குள்ளும் 200 டன்னுக்கு மேல் திட எரிபொருள். திட எரிபொருளைப் பற்றவைத்தபின் குறைக்கவோ நிறுத்தவோ முடியாது. அது எரிந்து தீர்கிறவரை உதறும். பற்றிய கணத்தில் எழும் ஓசை ஏவுதளத் தரையில் மோதி ராக்கெட்டை நோக்கியே திரும்பி வருகிறது. அந்த ஓசையின் வலிமையை உடைக்கத்தான் ஏவுதளத்தில் தண்ணீரைக் கொட்டுகிறார்கள். தீயை அணைக்க என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஒலியின் வேகத்தைத் தாண்டும்போது காற்று வந்து அறைகிறது. பிறகு பூஸ்டர்கள் கழல வேண்டும், மூக்குக் கவசம் பிளக்க வேண்டும், அடுத்த கட்டம் பிரிய வேண்டும். இவற்றுக்கெல்லாம் சிறு வெடிமருந்துகள். ஒவ்வொரு பிரிவும் உள்ளே இருப்பவற்றுக்கு ஒரு சம்மட்டி அடி. 16 நிமிடம் கழிந்து விண்கலம் தனியே விடப்படுகிறபோதுதான் நடுக்கம் ஓய்கிறது.

இந்த நடுக்கத்தை உள்ளே உட்கார்ந்து வாங்கிக்கொள்ளும் பொருள் எது என்று பார்த்தால், கடைசியில் அது ஒரு சர்க்யூட் போர்டு. உள்ளங்கை அகலத்திலும் இருக்கும், ஒரு நோட்டுப் புத்தக அகலத்திலும் இருக்கும். நாலு மூலையில் திருகு போட்டு ஒரு அலுமினியப் பெட்டிக்குள் பூட்டியிருப்பார்கள். அதன் மேல் நூற்றுக்கணக்கான சிப்புகள். ஒவ்வொரு சிப்புக்கும் தலைமுடி போன்ற கால்கள். ஒவ்வொரு காலின் அடியிலும் சால்டர் வைத்த ஒரு சின்னப் பொட்டு. நிலவில் இறங்கும் லேண்டருக்குத் தன் உயரத்தைச் சொல்வதும், அதிலிருந்து இறங்கி ஓடும் ரோவரின் சக்கரத்தைச் சுழற்றுவதும் இந்தப் பொட்டுகள் வழியாக ஓடும் மின்சாரம்தான்.

எந்தத் தகட்டுக்கும் தனக்கென்று ஓர் இயல்பான அதிர்வெண் உண்டு. வெளியிலிருந்து வரும் ஆட்டம் அந்த எண்ணோடு ஒத்துப்போனால் தகடு பன்மடங்கு ஆடும். டவுன் பஸ்ஸில் போகிறவர்களுக்கு இது தெரிந்ததுதான்: வண்டி ஒரு குறிப்பிட்ட வேகத்தை எட்டும்போது மட்டும் ஜன்னல் கண்ணாடி கடகடவென்று அடித்துக்கொள்ளும், டிரைவர் கியரை மாற்றியதும் அடங்கிவிடும். ராக்கெட்டில் அந்த வசதி கிடையாது. நொடிக்கு 20 தடவை முதல் 2,000 தடவை வரையான எல்லா அதிர்வுகளும் ஒரே நேரத்தில் வரும். உள்ளே இருக்கும் போர்டின் எண் எதுவானாலும் அதற்குப் பொருத்தமான ஆட்டம் அந்தக் கூட்டத்தில் இருந்தே தீரும். போர்டின் நடுப்பகுதி மேலும் கீழும் வளையும். சிப் வளையாது. வளைகிற போர்டுக்கும் வளையாத சிப்புக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட சால்டர் பொட்டு நொடிக்கு நூற்றுக்கணக்கான தடவை இழுபட்டு, கடைசியில் ஒரு மயிரிழை விரிசல் விடும். விரிசல் விட்ட பிறகும் அது வேலை செய்யும் என்பதுதான் இதில் உள்ள சூது. பெங்களூர்க் கட்டுப்பாட்டு அறைக்கு வரும் தகவல்கள் எல்லாம் சரியாகவே இருக்கும். நிலவுக்குப் போய், வெயிலும் குளிரும் மாறி மாறிப் பட்டு, உலோகம் சுருங்கும்போது விரிசல் திறந்துகொள்ளும். அப்போது ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டு யாரும் பின்னால் போக முடியாது.

என்ன செய்யலாம்? போர்டைத் தடிமனாக்கலாம், எடை ஏறும். பெட்டிக்கு அடியில் ரப்பர் கொடுக்கலாம். தரையில் ஓடும் இயந்திரங்களுக்கு அதுதான் வழக்கம். ஆனால் குளிரில் ரப்பர் விறைத்துவிடும், வெற்றிடத்தில் அதிலிருந்து கசியும் ஆவி கேமரா லென்ஸில் போய்ப் படியும். மூன்றாவதாக ஒரு வழி இருக்கிறது. சின்ன உலோகக் குப்பி ஒன்றில் பொடி உலோகக் குண்டுகளைப் போட்டு மூடி, போர்டு அதிகமாக ஆடும் இடத்தில் ஒட்டிவிடுவது. போர்டு ஆடும்போது குண்டுகள் எகிறும், சுவரில் மோதும், ஒன்றோடொன்று உரசும். மோதலிலும் உரசலிலும் ஆட்டத்தின் ஆற்றல் கொஞ்சம் கொஞ்சமாக வெப்பமாகிக் கழிந்துபோகும். ரப்பரைப் போலக் குளிருக்கு அஞ்ச வேண்டியதில்லை. கேட்பதற்கு எளிது. ஆனால் குப்பியை நிறைய அடைத்தால் குண்டுகளுக்கு எகிற இடமில்லை. பாதிக்கும் கீழே விட்டால் போதுமான மோதல் இல்லை. எவ்வளவு போடுவது, என்ன அளவுக் குண்டு, எந்த உலோகம், எங்கே ஒட்டுவது என்பதை ஒரு சூத்திரத்தில் போட்டு எடுத்துவிட முடியாது. ஒவ்வொரு குண்டும் அடுத்து எங்கே போகும் என்பது முன்னால் மோதியதைப் பொறுத்தது. ஆகவே ஆடவைத்து அளந்து, அந்த அளவுகளைக் கொண்டு செயற்கை நரம்பணு வலை ஒன்றைப் பழக்கி, அதனிடம் விடையைக் கேட்க வேண்டியிருக்கிறது.

இதை முனைவர் பட்டத்துக்கு எடுத்துக்கொண்டு சென்னை ஐஐடியில் ஆராய்ந்தவர்தான், பின்னாளில் சந்திரயான்-3-ஐ வழிநடத்திய பி. வீரமுத்துவேல். விண்கல மின்னணுப் பெட்டிகளின் அதிர்வைக் குண்டுகளால் அடக்குவது பற்றி அவரும் உடன் ஆய்வாளர்களும் எழுதிய கட்டுரை 2016-ல் ஆக்டா ஆஸ்ட்ரோனாட்டிகா இதழில் வந்தது. சந்திரயான்-3 நிலவில் இறங்கிய 2023 ஆகஸ்டு 23-க்குப் பிறகு தமிழ்ப் பத்திரிகைகள் அவருடைய எளிய குடும்பத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதின. ரயில்வே தொழில்நுட்பப் பணியாளரின் மகன் நிலவைத் தொட்டார் என்பது நல்ல செய்திதான். ஆனால் அந்த மகன் உட்கார்ந்து படித்தது எதை என்று கேட்டவர்கள் குறைவு. அவர் படித்தது நடுக்கத்தை.

அவர் போன பாதையைப் பார்த்தால் அந்தப் பாடம் எங்கிருந்து வந்திருக்கும் என்று ஊகிக்கத் தோன்றுகிறது. அவருடைய விழுப்புரம் ரயில்வே ஜங்ஷன் ஊர். ரயில்வே பள்ளியில் படிப்பு. பிறகு விழுப்புரத்திலேயே ஏழுமலை பாலிடெக்னிக்கில் இயந்திரவியல் டிப்ளமோ. சென்னை ஸ்ரீ சாய்ராம் கல்லூரியில் பி.இ., திருச்சி ஆர்.இ.சி.யில் மேற்படிப்பு. முதல் வேலை கோவை லட்சுமி மெஷின் ஒர்க்ஸில். நூற்பாலைக்கு இயந்திரம் செய்யும் நிறுவனம் அது. ரிங் ஃபிரேமில் ஒரு கதிர் நிமிடத்துக்கு 20,000 சுற்று வரை சுழலும். ஒரு இயந்திரத்தில் நூற்றுக்கணக்கான கதிர்கள். ஒன்று மையம் தப்பி ஆடினாலும் நூல் அறும். அடுத்து பெங்களூரில் ஹிந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸின் ஹெலிகாப்டர் பிரிவு. மனிதன் செய்த வாகனங்களில் ஹெலிகாப்டர் அளவுக்கு விடாமல் நடுங்குவது வேறு உண்டா என்பது சந்தேகம். 2004-ல் இஸ்ரோவின் செயற்கைக்கோள் மையத்தில் சேர்ந்தார். கதிர், இறக்கை, ராக்கெட் என்று மூன்று இடத்திலும் கேள்வி ஒன்றுதான்: ஆடுகிற ஒன்றின் மேல் உட்கார்ந்திருக்கும் பொருளை உடையாமல் எப்படிக் காப்பது?

இஸ்ரோவில் அவர் தலைமையில் உருவானவற்றில் நானோ செயற்கைக்கோள்கள் குறிப்பிடத்தக்கவை. 2017 பிப்ரவரியில் ஒரே பிஎஸ்எல்வி 104 செயற்கைக்கோள்களை ஏற்றிச் சென்றதே, அந்தக் கூட்டத்தில் ஐஎன்எஸ்-1ஏ, ஐஎன்எஸ்-1பி என்று இரண்டு குட்டிகள் இருந்தன; மூன்றாவது அடுத்த ஆண்டு போனது. பெரிய விண்கலத்தில் ஒரு துறைக்காரர் அடுத்த துறையை எட்டிப் பார்க்காமலே காலம் தள்ளலாம். சின்னதில் முடியாது. பேட்டரி, ரேடியோ, கட்டுப்பாடு, வெப்பம் எல்லாம் ஒன்றின் மேல் ஒன்று முழங்கை இடித்துக்கொண்டிருக்கும். முழு இயந்திரத்தையும் தலையில் வைத்துக்கொள்ளும் பழக்கம் அங்கேதான் வரும்.

2019 செப்டம்பர் 7 அதிகாலை, முந்தைய முயற்சியான சந்திரயான்-2-இன் லேண்டர் நிலவில் மோதி உடைந்தது. என்ன நடந்தது என்பதை இஸ்ரோ தலைவராக இருந்த எஸ். சோமநாத் பின்னால் வெளிப்படையாகவே சொன்னார். ஐந்து இன்ஜின்கள் எதிர்பார்த்ததைவிட அதிக உந்துவிசை தந்தன. கேமரா படம் எடுப்பதற்காகக் கலம் ஆடாமல் அசையாமல் போக வேண்டிய கட்டத்தில், சேர்ந்துபோன பிழைகளைத் திருத்த விடாமல் மென்பொருள் பொறுத்துக்கொண்டே இருந்தது. அந்தக் கட்டம் முடிந்து திருத்தத் தொடங்கியபோது மிக வேகமாகத் திரும்ப வேண்டியிருந்தது. திரும்பும் வேகத்துக்கோ மென்பொருளில் ஒரு வரம்பு போட்டிருந்தார்கள். இறங்கக் குறித்திருந்த இடமும் 500 மீட்டருக்கு 500 மீட்டர் என்ற சின்னக் கட்டம். அதை எட்டிப் பிடிக்க, தரை நெருங்கிவிட்ட நிலையிலும் கலம் வேகத்தைக் கூட்டியது.

அந்த ஆண்டே வீரமுத்துவேல் சந்திரயான்-3-இன் திட்ட இயக்குநர் ஆனார். இணைத் திட்ட இயக்குநர் கல்பனா காளஹஸ்தி. அவர் சித்தூர் மாவட்டத்துப் பெண் என்று ஆந்திரப் பத்திரிகைகள் பெருமையோடு எழுதின. 2023-இல் அறிவியலை வடிவமைத்த பத்துப் பேர் என்று நேச்சர் இதழ் வெளியிட்ட பட்டியலில் அவர் பெயர் இருந்தது. சித்தூர் பக்கத்துப் பள்ளிகளில் எத்தனை சுவர்களில் அந்தப் பெயர் எழுதப்பட்டிருக்கிறது என்று தெரிந்துகொள்ள எனக்கு ஆசை.

அவர்கள் செய்த மாற்றங்களைப் படிக்கும்போது ஒரு விஷயம் கண்ணில் படும். புத்திசாலித்தனத்தைக் கூட்டிய மாற்றங்களைவிட உடம்பைத் தேற்றிய மாற்றங்கள் அதிகம். ஐந்து இன்ஜின் நான்கானது. எரிபொருள் கூடியது. சூரியத் தகடுகள் நாலு பக்கமும் வந்தன, எப்படித் திரும்பி விழுந்தாலும் மின்சாரம் கிடைக்கட்டும் என்று. இறங்கும் இடம் 4 கிலோமீட்டருக்கு 2.4 கிலோமீட்டர் என்று விரிந்தது. வேகத்தை நேரடியாக அளக்க லேசர் டாப்ளர் கருவி ஒன்று சேர்ந்தது. கால்கள் நொடிக்கு 3 மீட்டர் வேகத்தில் தரையில் இறங்கினாலும் தாங்கும்படி பலப்படுத்தப்பட்டன. முன்பு அந்த அளவு நொடிக்கு 2 மீட்டர். ஒன்று கூடியதில் என்ன என்று தோன்றும். மோதலின் ஆற்றல் வேகத்தின் இருமடி, 4-க்கு 9. இருமடங்குக்கும் மேலான அடியை வாங்கும் கால் அது. காலுக்குள் தேன்கூட்டு வடிவ அலுமினியம் இருக்கும். தரையில் படும்போது அது நசுங்கி அடியை விழுங்கிவிடும். ஒரே ஒரு தடவைதான் நசுங்கும். அது ஒரு தடவைதான் தேவை.

சோமநாத் இதற்கு ஒரு விளக்கம் தந்தார். முன்பு எல்லாம் சரியாக நடக்கும் என்று வைத்துக்கொண்டு வடிவமைத்தோம், இந்த முறை எதெது தவறும் என்று பட்டியல் போட்டு வடிவமைத்தோம் என்பது அதன் சாரம். உணரி செத்தால், இன்ஜின் ஒன்று படுத்தால், கணக்கு பிசகினால் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு மறுவழி. இதைச் சிலர் எதிர்மறை எண்ணம் என்பார்கள். வீட்டுக்கு ஒயரிங் செய்யும் நல்ல எலக்ட்ரீஷியன் யாரும் இப்படித்தான் வேலை செய்வார், ஃபியூஸ் என்பதே அந்த எண்ணத்தில் பிறந்ததுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

பட்டியல் போட்டால் போதாது, ஒவ்வொன்றையும் நடத்திப் பார்க்க வேண்டும். உணரிகளை ஹெலிகாப்டரில் கட்டி மேலே தூக்கிச் சோதித்தார்கள். இன்ஜினோடு சேர்த்துச் சோதிக்க டவர் கிரேனில் தொங்கவிட்டார்கள். காலின் பலத்தை அறிய, நிலவு மண்ணைப் போன்ற ஒரு மண் பரப்பில் பலவிதக் கோணங்களில் இறக்கிப் பார்த்தார்கள். அந்த மண் நாமக்கல்லின் கொடை. சித்தம்பூண்டி, குன்னமலை பக்கத்துப் பாறைகளில் அனார்த்தோசைட் என்ற வகை இருக்கிறது. நிலவின் வெளிர்நிற மேட்டுநிலங்களில் உள்ளதும் அதே வகை. சேலம் பெரியார் பல்கலைக்கழகப் புவியியல் துறை வழிகாட்ட, பாறையை வேண்டிய பருமனுக்கு நொறுக்கி 50 டன் அளவுக்கு அனுப்பினார்கள். வெளிநாட்டிலிருந்து வாங்கினால் கிலோவுக்கு ஆயிரக்கணக்கில் கொடுக்க வேண்டிய சரக்கு. கடைசியாக 2023 மார்ச் முதல் வாரத்தில், பெங்களூர் யு.ஆர். ராவ் மையத்தில் முழு விண்கலத்தையும் ஷேக்கரில் ஏற்றிக் குலுக்கினார்கள். ஓசை அறையில் அடைத்து அலறவிட்டார்கள். ஜூலையில் தீவில் படப்போவதை மார்ச்சில் ஊரில் பட்டு முடித்துவிட வேண்டும். ஆய்வேட்டில் குப்பியும் குண்டுமாக இருந்த கேள்வி இங்கே 3,900 கிலோவாக எதிரில் நின்றது.

ராக்கெட்டுக்கு வரும் நடுக்கத்தில் ஒரு பங்கு காற்றினால் வருவது. மேலே 10, 12 கிலோமீட்டர் உயரத்தில் காற்று திசை மாறி வெட்டினால் ராக்கெட்டின் உடல் வளையும். அதனால் ஏவும் நாளில் பலூன் விட்டு மேல்காற்றை அளந்து, அதற்கேற்பப் பாதையைத் திருத்துகிறார்கள். காற்றைப் பற்றிப் பேசும்போது காதங்கியைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. சித்தூரிலிருந்து திருப்பதி போகும் வழியில் உள்ள அந்த ஊரில் தேசிய வளிமண்டல ஆய்வகம் இருக்கிறது. 130 மீட்டருக்கு 130 மீட்டர் நிலத்தில் 1,024 ஆண்டெனாக்கள் பயிர்போல நிற்கின்றன. 53 மெகாஹெர்ட்ஸில் வானத்துக்கு அலை அனுப்பி, தெளிந்த வானத்தில் கண்ணுக்குத் தெரியாத காற்றுச் சுழிப்பிலிருந்து திரும்பி வரும் மிக மெல்லிய எதிரொலியைக் கேட்கிறது அந்த ரேடார். அசையும் பாகம் ஒன்றுகூட இல்லை. ஆண்டெனாக்களுக்குப் போகும் அலைகளை ஒன்றுக்கொன்று சற்று முன்பின்னாக விட்டே பார்வையைத் திருப்புகிறார்கள். 1990-களின் தொடக்கத்திலிருந்து இது இயங்குகிறது. சித்தூர் மாவட்டத்துப் பிள்ளைகள் பஸ்ஸில் அதைத் தாண்டித்தான் திருப்பதிக்குப் போகிறார்கள்.

2023 ஆகஸ்டு 23, மாலை 5.44. நிலவுக்கு 30 கிலோமீட்டர் மேலே, நொடிக்கு 1.68 கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருந்த லேண்டர் இறங்கத் தொடங்கியது. நிலவிலிருந்து ஒரு செய்தி இங்கே வர ஒன்றே கால் நொடிக்கு மேல் ஆகும். பதில் போய்ச் சேர இன்னொரு ஒன்றே கால் நொடி. ஆகவே கடைசி 19 நிமிடமும் லேண்டரின் சொந்தப் பொறுப்பு. அந்த 19 நிமிடமும் அது முழுமையான ரோபோ. முதல் 690 நொடியில் உயரம் ஏழரைக் கிலோமீட்டராகக் குறைந்தது. பிறகு 10 நொடி நிலை நிறுத்திப் படம் எடுத்தது. சந்திரயான்-2 சறுக்கிய கட்டம் இதுதான், இந்த முறை அதைச் சுருக்கமாக வைத்திருந்தார்கள். அப்புறம் நிமிர்ந்து, 150 மீட்டர் உயரத்தில் அந்தரத்தில் நின்று, கீழே குழியா பாறையா என்று பார்த்தது. 6.04-க்குத் தரை.

சில மணி நேரம் கழித்துச் சரிவுப் பலகை வழியாக ரோவர் இறங்கியது. பூமியில் 26 கிலோ. நிலவின் ஈர்ப்பில் நாலரைக் கிலோவுக்கும் குறைவான கனம்தான். ஆறு சக்கரம், சக்கரத்துக்கு ஒரு மோட்டார். ஸ்டியரிங் கிடையாது, ஒரு பக்கத்துச் சக்கரங்களை மெதுவாகவும் மறுபக்கத்தை வேகமாகவும் சுழற்றியே திரும்பும். ஸ்பிரிங்கும் கிடையாது. இரு பக்கமும் நெம்புகோல் போன்ற கைகள், நடுவில் அவற்றை இணைக்கும் ஓர் அமைப்பு. ஒரு சக்கரம் கல்லின் மேல் ஏறினால் மற்ற ஐந்தும் தரையைவிட்டு விலகாமல் எடையைப் பங்கிட்டுக்கொள்ளும். ராக்கர் போகி என்று பெயர். செவ்வாயில் நாசா ஓட்டிய ரோவர்களிலும் இதே அமைப்புதான். வேகம் நொடிக்கு 1 சென்டிமீட்டர்.

அந்த வேகத்தைப் படித்துவிட்டுச் சிரித்தவர்கள் உண்டு. அவர்கள் அது எப்படி ஓட்டப்பட்டது என்பதைப் பார்க்கவில்லை. ரோவர் தன் இரு கண்ணாலும் முன்னால் இருப்பதைப் படம் எடுக்கும். படம் லேண்டர் வழியாகப் பெங்களூருக்கு வரும். அங்கே அதைக் கொண்டு மேடு பள்ள வரைபடம் போடுவார்கள். அந்த வரைபடம் 5 மீட்டர் தூரத்துக்குமேல் செல்லாது. எந்த வழி என்று கூடிப் பேசி முடிவெடுத்து, கட்டளை எழுதி அனுப்புவார்கள். ஒரு தடவைக்கு அதிகபட்சம் 5 மீட்டர். இப்படி ஒரு சுற்று முடியச் சராசரியாக 5 மணி நேரம் ஆனது என்று வீரமுத்துவேல் பிறகு விளக்கினார். நிழல் விழும் திசையையும் சூரியத் தகட்டின் திசையையும் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும். முதலில் வந்த குழி 10 சென்டிமீட்டர் ஆழம். அதைத் தாண்டியதற்குக் கட்டுப்பாட்டு அறை மகிழ்ந்தது. ஆகஸ்டு 27 அன்று 3 மீட்டர் முன்னால் 4 மீட்டர் அகலக் குழி தெரிந்தது. திரும்பி வேறு வழியில் போகச் சொன்னார்கள். செப்டம்பர் 2-க்குள் 100 மீட்டரைக் கடந்தது. தென் துருவப் பக்கத்து மண்ணில் கந்தகம் இருப்பதைத் தன் லேசர் கருவியால் அந்த இடத்திலேயே உறுதி செய்தது. பின் சக்கரங்களில் செதுக்கிய சின்னங்கள் எதிர்பார்த்த அளவுக்கு மண்ணில் தெளிவாகப் பதியவில்லை. இறங்கிய இடத்து மண் எதிர்பார்த்தது போலத் தூளாக இல்லாமல் கட்டிகட்டியாக இருந்தது அதிலிருந்து தெரியவந்தது. பதியாத சுவடும் ஓர் அளவீடுதான்.

செப்டம்பர் 3 அன்று பட்டியலில் இல்லாத ஒன்றைச் செய்தார்கள். சரிவுப் பலகையையும் கருவிகளையும் மடக்கிக்கொண்டு, இன்ஜினை மீண்டும் பற்றவைத்து, லேண்டரை 40 சென்டிமீட்டர் மேலே எழுப்பி அப்பால் 30, 40 சென்டிமீட்டரில் இறக்கினார்கள். நசுங்க வேண்டிய கால், பதினொரு நாள் வெயில், மறுபடி ஒரு குதி. எல்லாம் முடிந்து கருவிகள் மறுபடி விரிந்து வேலை செய்தன. இறங்கியதைவிட எனக்கு இதுதான் பெரிய சான்றாகத் தோன்றுகிறது. இறங்குவதற்குத் தயாராக நாலு வருடம் இருந்தது. இது உடம்பில் மீதமிருந்த பலத்தைக் கொண்டு செய்த காரியம்.

இரவு வரும்முன் லேண்டரையும் ரோவரையும் உறங்கவைத்தார்கள், பிறகு அவை எழவில்லை. நிலவின் இரவு 14 பூமி நாள். வெப்பநிலை சைபருக்குக் கீழே நூறு டிகிரியையும் தாண்டி இறங்கும். அணுச்சூட்டுக் கருவி லேண்டரிலும் இல்லை, ரோவரிலும் இல்லை. ஒரு பகலுக்கென்று செய்தவை ஒரு பகலை முழுதாக உழைத்துவிட்டுப் போயின. செப்டம்பர் 22-க்குப் பிறகு கூப்பிட்டுப் பார்த்தும் பதில் இல்லை. இதைத் தோல்வி என்று எழுதிய தலைப்புகள் அபத்தம்.

ரோபோ என்றதும் நாம் மூளையை நினைக்கிறோம். பேசும், சதுரங்கம் ஆடும், படம் வரையும் மூளை. பாலிடெக்னிக் மாணவனிடம் போய் ரோபோட்டிக்ஸ் என்றால் அவன் கோடிங் கற்றுக்கொள்ள வேண்டுமா என்றுதான் கேட்கிறான். கற்றுக்கொள்ளட்டும். ஆனால் 2024 டிசம்பர் 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போன பிஎஸ்எல்வியின் கடைசிக் கட்டத்தில், திருவனந்தபுரத்தில் செய்த ஒரு ரோபோக் கை இருந்தது. ஏழு மூட்டுகள், இரு முனையாலும் மாற்றி மாற்றிப் பற்றிக்கொண்டு கம்பளிப்புழு போல நகரக்கூடியது. அந்த மூட்டுகள் முதலில் ராக்கெட்டின் உதறலைத் தாங்க வேண்டும், பிறகுதான் எதையும் பற்ற முடியும். 2024 செப்டம்பரில் மத்திய அமைச்சரவை அனுமதித்த சந்திரயான்-4-க்கு 2,104 கோடி ரூபாய். நிலவில் இறங்கி, மண்ணை அள்ளி, கலத்துக்குள் வைத்து, அங்கிருந்து கிளம்பி, சுற்றுப்பாதையில் இன்னொரு கலத்தோடு இணைந்து, பூமிக்குக் கொண்டுவர வேண்டும். இரண்டு எல்விஎம்3 தேவை. அள்ளும் கை, மூடும் மூடி, பூட்டும் கொக்கி எல்லாவற்றுக்கும் கடைசலும் ஃபிட்டரும் உலோகமும் அதிர்வும் தெரிந்த ஆட்கள் வேண்டும். சித்தூர், வேலூர், விழுப்புரம் பக்கத்து டிப்ளமோ வகுப்புகளில் அதற்கான பாடம் ஏற்கெனவே நடந்துகொண்டுதான் இருக்கிறது.

2023 அக்டோபர் 2 அன்று தமிழ்நாடு அரசு, இஸ்ரோவில் பணியாற்றிய தமிழ் விஞ்ஞானிகள் ஒன்பது பேருக்குத் தலா 25 லட்சம் ரூபாய் பரிசளித்தது. தன் பங்கை வீரமுத்துவேல் தான் படித்த கல்லூரிகளுக்கே பிரித்துக் கொடுத்துவிட்டார். அதில் ஒரு பங்கு விழுப்புரத்துப் பாலிடெக்னிக்குக்குப் போனது.